ஆறக்கூடாத காயம்

காயம் ஆறுதல் என்பது இயற்கை நமக்களித்த பெரும்பேறுகளுள் ஒன்று. வயலில் மண்வெட்டி பட்ட காலும், அடுக்களையில் கத்தி பட்ட விரலும் சில நாட்களுள் தாமாகவே ஒட்டிக்கொள்கின்றன. ஒரு தழும்பு மட்டும் எஞ்சுகின்றது; அதனையும் நாளடைவில் மறந்துவிடுகின்றோம். சத்திரவைத்தியர் எவரும், தாம் வெட்டும் இடத்தை உடல் மூடிக்கொள்ளும் என்னும் துணிவுடனேயே கருவியைக் கையிலெடுக்கின்றார். அத்துணிவு இல்லையேல் சத்திரசிகிச்சை என்னும் கலையே உலகில் தோன்றியிராது.

ஆயினும், வெட்டிய இடம் நன்றாக ஆறிவிட்டால் சிகிச்சை தோற்றதென்று கைவிரிக்க வேண்டிய சத்திரசிகிச்சை ஒன்று உண்டு. கண்ணழுத்த நோயென்று நம்மவர் வழங்கும் குளோக்கோமாவுக்காகக் கண்ணிலே செய்யப்படுவது அது. அக்காயம் முற்றும் ஆறிவிடாதிருத்தற்பொருட்டுப் புற்றுநோய்க்குரிய மருந்தைக் கண்ணிலே வைக்கின்றனர் என்று கூறினால், வாசகர்கள் வியப்படையக்கூடும். இம்முறை மிகக் கடுமையான சோதனைக்குள்ளான இடங்களுள் மேற்கு ஆபிரிக்கா ஒன்று. கானா, நைஜீரியா முதலிய நாடுகளின் நோயாளரிடத்தில் அது எவ்வளவு பலித்தது, எங்கே பலிக்கவில்லை என்பதனையே இவ்வாரம் ஆராய எடுத்துக்கொண்டோம்.

முதலில் நோயின் தன்மையை அறிந்துகொள்ளல் வேண்டும். நமது கண்ணின் முற்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று ஓயாது சுரந்துகொண்டிருக்கின்றது. இதனைக் கண்ணீரென்று மயங்கலாகாது. கண்ணீர் வெளியே வழிவது. இந்நீர் உள்ளேயே பிறந்து உள்ளேயே வடிவது. கண்ணின் முன்னுள்ள கண்ணாடி போன்ற படலமும், அதன் பின்னுள்ள நிறத்திரையாகிய கதிராளியும் சந்திக்கும் மூலையில் வலைபோன்ற நுண்ணிய வடிகால் ஒன்று அமைந்திருக்கின்றது. சுரக்கும் அளவு நீர் அவ்வழியே வடிந்து இரத்தத்தோடு கலக்கும்வரை கண்ணின் அழுத்தம் ஒழுங்காய் இருக்கும். 10 முதல் 21 மில்லிமீற்றர் இரசம் வரையுள்ள அழுத்தத்தை வைத்தியர்கள் சாதாரணமெனக் கொள்வர். வடிகால் தூர்ந்துபோனால் அழுத்தம் ஏறுகின்றது. ஏறிய அழுத்தம், கண்ணின் பின்புறத்தே மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பைச் சிறிது சிறிதாக அழிக்கின்றது. அந்நரம்பில் ஏறக்குறையப் பத்து இலட்சம் நார்கள் உள்ளன. அழிந்த நார் ஒன்றேனும் மீண்டும் முளைப்பதில்லை.

இந்நோயின் கொடுமை அதன் அமைதியிலே இருக்கின்றது. வலியில்லை, சிவப்பில்லை, நேரே நோக்குங்கால் எழுத்தும் முகமும் முன்போலவே தெரிகின்றன. பக்கப்பார்வைதான் ஓரங்களிலிருந்து தேய்ந்துகொண்டு வரும். ஒரு கண் இழந்ததை மறு கண் நிரப்பிவிடுகின்றது. எஞ்சிய குறையை மூளையே ஒப்பேற்றிவிடுகின்றது. வீதியைக் கடக்கையில் பக்கத்தில் வந்த வண்டி தெரியவில்லை, படியில் கால் இடறிற்று என்று ஒருவர் வைத்தியரிடம் வரும்போது, நரம்பின் பெரும்பகுதி போயிருக்கும். வெண்புரை விழுந்தவருக்கு வில்லையை மாற்றிவைத்தால் மறுநாளே உலகம் ஒளிபெறுகின்றது. குளோக்கோமா கொண்டுசென்ற பார்வையை எவராலும் மீட்டுத்தர இயலாது. மீளமுடியாத பார்வையிழப்புக்கு உலகில் முதற்காரணமாய் நிற்பது இதுவே.

இனி மேற்கு ஆபிரிக்காவுக்குச் செல்வோம். கானா நாட்டின் தலைநகரான அக்ராவை அடுத்து, தெமா என்னும் துறைமுக நகர் உண்டு. அந்நகரில் நாற்பது வயதும் அதற்கு மேலும் உள்ளோரின் கண்களைச் சோதித்த பெரிய ஆய்வொன்றின் முடிவுகள் 2013 இல் வெளியாயின. சோதிக்கப்பட்டவர் 5,603 பேர். அவருள் நூற்றுக்கு 6.8 பேரிடம் திறந்த கோணக் குளோக்கோமா எனப்படும் வகை காணப்பட்டது. நாற்பதுகளில் உள்ளோரிடையே நூற்றுக்கு 3.7 ஆக இருந்த தொகை, எண்பதைக் கடந்தோரிடையே 14.6 ஆக உயர்ந்தது. இவ்வெண்களைவிட நம்மை அதிரவைப்பது மற்றோர் எண்: நோயுற்றவருள் தமக்கு இந்நோய் உண்டென முன்பே அறிந்திருந்தோர் நூற்றுக்கு 3.3 பேர் மட்டுமே.

நைஜீரியாவில் 2005 முதல் 2007 வரை நாடு முழுவதும் நடத்தப்பெற்ற பார்வை ஆய்வும் இதனையே உரைக்கின்றது. அங்கே 13,591 பேர் சோதிக்கப்பட்டனர். அவரும் நாற்பதும் அதற்கு மேலும் வயதுடையோரே. 682 பேரிடம் குளோக்கோமா காணப்பட்டது. அஃதாவது நூற்றுக்கு ஐவர். அந்த 682 பேரில் தம் நோயை முன்னரே அறிந்திருந்தவர் 38 பேர். ஐவரில் ஒருவர் பார்வையை ஏற்கெனவே இழந்திருந்தனர்.

கடல் கடந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றாலும் இதே கதைதான். அங்கே வாழும் கறுப்பின மக்களிற் பலர், அடிமை வாணிகக் காலத்தில் மேற்கு ஆபிரிக்காவிலிருந்து கப்பலேற்றப்பட்டோரின் வழித்தோன்றல்கள். பார்படோஸ் தீவின் ஆய்வில் நாற்பதைக் கடந்த கறுப்பினத்தவருள் நூற்றுக்கு ஏழு பேரிடம் திறந்த கோணக் குளோக்கோமா இருந்தது. ஐக்கிய அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில் நடந்து 1991 இல் வெளியான ஆய்வு, வெள்ளையரைக் காட்டிலும் கறுப்பினத்தவரிடையே இந்நோய் நான்கைந்து மடங்கு மிகுந்திருப்பதைக் காட்டிற்று. பரம்பரையின் பங்கு இதிலே பெரிதென்பதில் ஐயமில்லை. எனினும், எல்லாவற்றையும் இரத்தத்தின்மேற் சுமத்திவிட்டு வறுமையையும் வைத்தியப் பஞ்சத்தையும் மறந்துவிடுவோர் கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. சகாராப் பாலைவனத்துக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்காவில், பத்து இலட்சம் மக்களுக்குக் கண் வைத்திய நிபுணர் மூவர்கூட இல்லையென்பதும் இக்கதையின் ஒரு பாதி.

இந்நோய்க்கு வழமையான சிகிச்சை துளி மருந்து. நாள்தோறும், வாழ்நாள் முழுவதும், தவறாது இடவேண்டும். இடுவதனால் நோயாளி எவ்வித நன்மையையும் உணர்வதில்லை. கண் சற்று எரிவது மட்டும் தெரியும். மருந்தின் விலையோ மாதந்தோறும் வந்து நிற்கும் கடன்காரனைப் போன்றது. கிராமத்து உழவர் ஒருவர் நெல்லையோ கொக்கோவையோ விற்ற பணத்தில் ஓரிரு மாதங்கள் வாங்குவார், பின் நிறுத்திவிடுவார். இதனாலேதான், மேற்கு ஆபிரிக்காவிற் பணிபுரிந்த வைத்தியர் பலர், ஒரே முறை செய்து முடிக்கும் சத்திரசிகிச்சையையே முதற்படியாகக் கொள்ளலாமென எண்ணினர். தூர்ந்த வடிகாலுக்குப் பதிலாகப் புதியதொரு வடிகாலை வெட்டிவிடுதல் என்பதே அச்சிகிச்சையின் சாரம்.

இவ்வெண்ணம் பழையது. அதன் வரலாற்றிலே நம் சென்னப்பட்டினத்துக்கும் ஓர் இடம் உண்டு என்பது மாணவ வாசகர்கள் அறிந்துகொள்ளத்தக்கது. எழும்பூர் அரசாங்கக் கண் வைத்தியசாலையின் தலைவராயிருந்த றொபேட் ஹென்றி எலியற் என்பார், 1909 இல், கண்ணின் வெண்சுவரும் கண்ணாடிப் படலமும் கூடும் எல்லையில் நுண்ணிய வட்டத் துளையொன்றை இடும் முறையை அறிவித்தார். உள்ளிருக்கும் நீர் அத்துளைவழியே கசிந்து, மேலே போர்த்திய மெல்லிய சவ்வின் கீழ்ப் பரவும். பல்லாண்டுகள் அம்முறை உலகெங்கும் கையாளப்பட்டது. ஆனால், சிலருக்குத் துளை தழும்பினால் அடைபட்டது. வேறு சிலருக்கு நீர் அளவுக்கு மிஞ்சி ஓடிக் கண் சுருங்கிற்று. ஆண்டுகள் கழிந்தபின் கிருமி புகுந்து கண்ணையே அழித்ததும் உண்டு. சென்னையில் எழுந்த அந்த இடர்ப்பாடுகளே நூறு ஆண்டுகளின் பின்னரும் வைத்தியர்களை வருத்திக்கொண்டிருக்கின்றன.

1968 இல் இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ் நகர வைத்தியர் கேண்ஸ் என்பார், துளைக்கு ஒரு மூடி அமைத்தார். வெண்சுவரைப் பாதித் தடிப்பிலே பிளந்து, கதவு போன்ற மடலொன்றைத் தூக்கி, அதன் அடியில் வடிகாலின் ஒரு துண்டை வெட்டி எடுத்து, மடலை மீண்டும் தைத்துவிட்டார். இதற்கு திரபெக்குலெக்ற்றமி என்று பெயர். நீர் மடலின் ஓரங்களாற் கசிந்து, மேலிமையின் கீழ் மறைந்திருக்கும் சிறு கொப்புளமொன்றை உண்டாக்கி, அங்கிருந்து உறிஞ்சப்படுகின்றது. கேண்ஸ் இக்கொப்புளத்தை விரும்பவில்லை என்பது சுவையான செய்தி. வெட்டப்பட்ட கால்வாயின் முனைகளிலே நீர் புகுந்துவிடும், வெளியே கசிய வேண்டியதில்லை என்பதே அவர் கருத்து. நடந்தது வேறு. கசிந்து கொப்புளம் எழுந்த கண்களே பிழைத்தன. கொள்கை தவறிச் சிகிச்சை நிலைத்த நிகழ்ச்சிகள் வைத்திய வரலாற்றிற் பல உண்டு.

ஆகவே எல்லாம் அந்தக் கொப்புளத்தைப் பொறுத்தது. அது வற்றாதிருக்க வேண்டும். உடலோ அதனைக் காயமெனவே கருதுகின்றது. வெட்டுப்பட்ட சில நாட்களுள் நார்க்கலங்கள் என்னும் தொழிலாளர் கூட்டம் அவ்விடத்துக்குத் திரண்டுவந்து, பெருகி, தழும்பிழைகளை நெய்து, மடலைச் சுவரோடு ஒட்டிவிடுகின்றது. வடிகால் மீண்டும் அடைபட, அழுத்தம் பழைய நிலைக்கு ஏறுகின்றது. இளம் வயதினரிடத்தும் ஆபிரிக்க வழிவந்தோரிடத்தும் இந்த ஒட்டுவேலை மிக விரைவாகவும் உறுதியாகவும் நடைபெறுகின்றது. அவர்களுடைய கண்ணின் மேற்சவ்வில் நார்க்கலங்களும் காயத்தைத் துப்புரவு செய்யும் கலங்களும் மிகுந்திருப்பதை 1994 இல் வெளியான பிரித்தானிய ஆராய்ச்சியொன்று எடுத்துக்காட்டியது. வேறெந்தக் காயத்திலும் வரமாய் இருக்கும் ஆற்றல் இந்த ஒரு காயத்திலே சாபமாய் முடிகின்றது.

தழும்பைத் தடுக்கும் மருந்துகள் இங்கேதான் வருகின்றன. இரண்டு மருந்துகள் முதன்மையானவை. இரண்டும் புற்றுநோயை ஒடுக்கப் பிறந்தவை. புற்றுநோய்க் கலங்களைப் போலவே தழும்பு நெய்யும் கலங்களும் விரைந்து பெருகுவன என்பதே அவற்றைக் கண்ணுக்குக் கொண்டுவந்த காரணம். புளோரோ யுராசில் என்பது 1957 இல் ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் சர்வகலாசாலையில் சாள்ஸ் ஹைடல்பேர்கர் குழுவினர் வெளிப்படுத்தியது. கலம் இரண்டாய்ப் பிளக்க ஆயத்தமாகும்போது அதற்கு வேண்டிய பொருளை இது கிடைக்கவொட்டாது தடுக்கின்றது. மைற்றோமைசின் சி என்பது அதே பத்தாண்டில் யப்பானிய ஆராய்ச்சியாளர் மண்வாழ் நுண்ணுயிரொன்றிலிருந்து பிரித்தெடுத்தது. நீரிற் கரைத்தால் ஊதா நிறங்கொள்ளும். பிளக்கும் கலம், பிளவாத கலம் என்னும் வேற்றுமையின்றி இது கலத்தின் மூலத்தையே கட்டிப்போடுகின்றது. முன்னையது வேலையாட்களைச் சிலகாலம் நிறுத்திவைப்பது. பின்னையது அவர்களை ஊரைவிட்டே துரத்துவது என்று கூறலாம்.

புளோரோ யுராசிலைக் கண் சத்திரசிகிச்சையோடு இணைத்த முயற்சி, 1984 இல் அமெரிக்காவின் மயாமி நகரிலிருந்து அறிவிக்கப்பட்டது. தொடர்ந்து நடந்த பெரிய பரிசோதனையில், முன்னரே சத்திரசிகிச்சை கண்டு தழும்பேறிய கண்களையுடைய 213 நோயாளர் சேர்க்கப்பட்டனர். ஐந்தாண்டு முடிவில், மருந்தில்லாதோருள் நூற்றுக்கு 74 பேருக்குச் சிகிச்சை தோற்றிருந்தது. மருந்து பெற்றோருள் 51 பேருக்குத் தோற்றிருந்தது. பயன் தெளிவே. ஆனால் மருந்தை அளித்த முறையைப் பாருங்கள். முதல் வாரம் நாளுக்கு இருமுறை, இரண்டாம் வாரம் நாளுக்கு ஒருமுறை, ஆக இருபத்தொரு ஊசிகள், கண்ணின் சவ்விலே! மயாமியில் இது இயலலாம். ஒருநாட் பயணஞ் செய்து வைத்தியசாலைக்கு வந்து, ஆட்டையும் வயலையும் அயலாரிடம் ஒப்படைத்துவிட்டு நிற்கும் கானாவின் கிராமத்தவர் இருபத்தொரு ஊசிக்கு எங்கே தங்குவார்?

விடை எளிதாயிருந்தது. சத்திரசிகிச்சை நடக்கும்போதே, மருந்தில் தோய்த்த சிறு பஞ்சுத்துண்டைக் காயத்தில் ஐந்து நிமிடம் வைத்து, உப்புநீரால் நன்கு கழுவிவிடுதல். ஊசியுமில்லை, இரண்டு வாரத் தங்கலும் இல்லை. இம்முறையை மேற்கு ஆபிரிக்க மக்களிடத்தே முறையாகச் சோதித்தவர்களுள் முன்னோடி, அமெரிக்காவின் ஸ்ரான்போட் சர்வகலாசாலைக் கண் வைத்தியப் பேராசிரியர் பீற்றர் எக்பெர்ட். கானாவின் வைத்தியர்களோடு கூடிப் பணியாற்றியவர் அவர். 1993 இல் அவருடைய குழு வெளியிட்ட ஆய்வில், பஞ்சு வழியே புளோரோ யுராசில் பெற்ற கண்கள், பெறாத கண்களிலும் சிறந்த பலன் கண்டன.

மைற்றோமைசினின் வழி வேறு. தைவானைச் சேர்ந்த சென் என்னும் கண் வைத்தியர் 1983 இல் அதனைக் குளோக்கோமாச் சத்திரசிகிச்சையிற் பயன்படுத்தியதை அறிவித்தார். ஒரு மில்லிலீற்றருக்கு அரை மில்லிகிராமுக்கும் குறைந்த அளவு, ஒன்றிலிருந்து ஐந்து நிமிடம், அவ்வளவே. 1997 இல் குல்தேவ் சிங், எக்பெர்ட் முதலியோர் மேற்கு ஆபிரிக்க நோயாளரிடையே இரண்டு மருந்துகளையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு, அழுத்தத்தைத் தாழ்த்துவதில் மைற்றோமைசினே வலியதெனக் கண்டது. மூன்றாண்டுகளின் பின், 2000 இல், முதன்முறை சத்திரசிகிச்சை பெறுவோரிடையே ஐக்கிய அமெரிக்காவில் இதே ஒப்பீடு நடந்தபோது, இரு மருந்துகளுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேற்றுமை தோன்றவில்லை. ஓரிடத்து முடிவை மற்றோரிடத்துக்கு அப்படியே பெயர்த்துவைக்க இயலாதென்பதற்கு இதனிலும் நல்ல சான்று வேண்டியதில்லை. தழும்பு மெல்லியதாய் நெய்யப்படும் உடலுக்கு எந்தத் தடையும் போதும். வலிதாய் நெய்யப்படும் உடலுக்கு வலிய தடை வேண்டும்.

இங்கே ஒரு சொல்லை நிறுத்தி ஆராயவேண்டும் என்பது நம் கருத்து. வெற்றி என்று ஆராய்ச்சியாளர் எழுதும்போது எதனைக் குறிக்கின்றனர்? பெரும்பாலும் அழுத்தம் 21 க்குக் கீழே நின்றது என்பதனையே. நோய் தொடக்கத்தில் இருப்பவருக்கு அது சிலவேளை போதலாம். ஐக்கிய அமெரிக்காவில் முற்றிய குளோக்கோமாவைப் பல்லாண்டு பின்தொடர்ந்த ஆராய்ச்சியொன்று, எல்லாச் சோதனைகளிலும் 18 க்குக் கீழே நின்ற கண்களில்தான் பார்வைப் பரப்பு சராசரியாகத் தேயாது நின்றது என 2000 இல் தெரிவித்தது. அக்கண்களின் சராசரி அழுத்தமோ ஏறத்தாழ 12. மேற்கு ஆபிரிக்காவில் நோயாளர் வருவதே பெரும்பாலும் நோய் முற்றியபின். அவருக்கு 20 என்னும் அழுத்தம் வெற்றியன்று. மெல்லச் செல்லும் தோல்வி. அன்றியும், ஆபிரிக்க வழியினரின் கண்ணாடிப் படலம் சராசரியில் மெலிந்திருப்பதால், கருவி காட்டும் அழுத்தம் உள்ளதிலும் சற்றுக் குறைவாகவே இருக்கக்கூடும். ஆகவே, வைத்தியர் வலிய மருந்தை நாடுவது பேராசையினால் அன்று. 12 ஐ எட்ட வேறு வழி எளிதாயில்லை என்பதனாலேயே.

இன்னுமொரு குறை கணக்கிலேயே ஒளிந்திருக்கின்றது. சத்திரசிகிச்சை பெற்றோருள் பலர் ஓராண்டு கழிந்தபின் வைத்தியசாலைக்கு வருவதில்லை. நலமாயிருப்பதால் வரவில்லையோ, பார்வை போனபின் வந்தென்ன பயன் என்று வரவில்லையோ, வழிச்செலவுக்குப் பணமின்றி வரவில்லையோ, ஏட்டிலே தெரியாது. திரும்பி வந்தோரைக் கொண்டே சதவீதம் எழுதப்படுகின்றது.

வலிய மருந்துக்கு வலிய விலையும் உண்டு. மைற்றோமைசின் பட்ட இடத்தில் இரத்தக் குழாய்கள் குன்றி, கொப்புளம் வெளிறி, மெலிந்துபோகலாம். மெலிந்த தோலில் நுண்ணிய பொத்தல் விழுந்தால் நீர் ஒழுகும்; கிருமி உட்செல்ல வாயிலாகும். அழுத்தம் அளவுக்கு மீறித் தாழ்ந்தால் விழித்திரை சுருக்கம் விழுந்து பார்வை மங்கும். வெண்புரை முந்திக்கொண்டு வருவதும் உண்டு. இக்காரணத்தாற் கொப்புளத்தை எப்போதும் மேலிமையின் நிழலிலேயே அமைக்கின்றனர். கீழே அமைந்தால் கிருமி அபாயம் மிகும். கண் சிவந்து பீளை கட்டினால் அன்றைக்கே வைத்தியரிடம் வரவேண்டுமென நோயாளிக்குச் சொல்லி அனுப்புகின்றனர். அந்த எச்சரிக்கை சில மாதங்களுக்கு மட்டும் உரியதன்று. கொப்புளம் உள்ளவரைக்கும் உரியது. பக்கத்துத் தெருவில் வைத்தியசாலை உள்ளவருக்கு இது சிறிய நிபந்தனை. மழைக்காலத்தில் பாதை அறுந்துபோகும் ஊரில் உள்ளவருக்கு அன்று.

மருந்தை வைத்துத் தைத்துவிட்டால் வேலை முடிந்ததென்றும் எண்ணலாகாது. முதல் சில வாரங்களிலேயே கொப்புளத்தின் விதி பெரும்பாலும் தீர்மானமாகின்றது. நீர் போதாதெனில் ஒரு தையலை அறுத்துவிடவேண்டும். தழும்பு தலைகாட்டினால் ஊசியால் அதைக் கீறி மீண்டும் சிறிது மருந்து செலுத்தவேண்டும். கத்தி பிடித்த ஒரு மணி நேரத்தைக் காட்டிலும் இந்த வாரங்களே வைத்தியரின் திறமையைச் சோதிப்பவை. பயணச் செலவும் தங்குமிடமும் கொடுக்காமல் மருந்தை மட்டும் கொடுக்கும் உதவித் திட்டங்கள் பாதி வேலையையே செய்கின்றன என்று நாம் துணிந்து கூறுவோம்.

இவையனைத்தும் வைத்தியரின் பக்கத்துக் கணக்கு. நோயாளியின் பக்கத்தே நின்று ஒரு முறை பார்ப்போம். அவருக்கு ஒரு கண் முற்றாகப் போய்விட்டது. மறு கண்ணில், குழாயினூடு பார்ப்பது போலச் சிறு வட்டம் மட்டும் எஞ்சியிருக்கின்றது. அந்த வட்டத்திலே மகளின் முகம் தெரிகின்றது; வாசற்படி தெரிகின்றது. வைத்தியர் அந்தக் கண்ணிலே கத்தி வைக்கவேண்டும் என்கின்றார். வைத்தால் பார்வை கூடுமா என்று கேட்கின்றார் நோயாளி. கூடாது என்பதே நேர்மையான விடை. சிலகாலம் சற்று மங்கவும் கூடும். மிக முற்றிய கண்ணில் எஞ்சிய வட்டமும் அணைந்துபோன நிகழ்ச்சிகள் அரிதாகவேனும் உண்டு. செய்யாவிட்டால் நிச்சயமாக அணையும். எப்போது என்றுதான் தெரியாது. அயல்வீட்டில் வெண்புரைக்குச் சத்திரசிகிச்சை செய்த மூதாட்டி மறுநாளே ஊசியில் நூல் கோத்ததைக் கண்டவர் இவர். அதே வைத்தியசாலை, அதே வைத்தியர், அதே கட்டு. பலன் மட்டும் கண்ணுக்குத் தெரியாதது. ஐந்து ஆண்டு கழித்தும் அந்த வட்டம் அதே அளவில் இருந்தால் அதுவே பெருவெற்றி. அதனை எவரும் கொண்டாடுவதில்லை. ஒருவருக்குப் பார்வை போய்விட்டாலோ, நோயினாற் போனதென்று ஊர் சொல்லாது. கத்தியினாற் போனதென்றே சொல்லும். நைஜீரியாவிலே குளோக்கோமாச் சத்திரசிகிச்சைக்கு இணங்குவோர் தொகை மிகக் குறைவாயிருப்பதை அந்நாட்டு வைத்தியர்கள் திரும்பத் திரும்ப எழுதி வருகின்றனர். அச்சங்கொள்வோரை அறிவிலிகள் என்று ஒதுக்குவது எளிது. அவர் கேட்ட கேள்வி அறிவுடையோர் கேட்கும் கேள்வியே.

மருந்தின் இடர்களைக் குறைக்க வேறு வழிகளும் தேடப்பட்டன. தென் ஆபிரிக்காவில் மருந்துக்குப் பதிலாக ஸ்ரொன்ஷியம் என்னும் கதிர்ப்பொருளின் பீற்றாக் கதிரைச் சவ்விலே சிறிது நேரம் படச்செய்தனர். 2006 இல் வெளியான அப்பரிசோதனையில், முதலாண்டில் தோல்வி நூற்றுக்கு 30 இலிருந்து 5 ஆகக் குறைந்தது. எனினும் கதிர்பட்டோரிடையே வெண்புரை மிகுந்தது. கிழக்கே தன்சானியாவில், கத்தியே வேண்டாமல் லேசர் ஒளியை வடிகாலின்மீது செலுத்தும் முறையை டைமொலோல் என்னும் துளி மருந்தோடு ஒப்பிட்டனர். 2021 இல் அதன் முடிவு வெளியாயிற்று. ஓராண்டின் பின், லேசர் பெற்ற கண்களில் நூற்றுக்கு 61 இலும் துளி மருந்து பெற்றவற்றில் 31 இலும் அழுத்தம் குறித்த எல்லைக்குள் நின்றது. லேசர் நிலையான மருந்தன்று. மீண்டும் செய்ய நேரிடலாம். ஆயினும் தழும்புமில்லை, கொப்புளமுமில்லை. மேற்கு ஆபிரிக்காவின் நோய் தொடங்கும் நிலையினருக்கு இது பெரிதும் உதவுமென நம்புகின்றோம். முற்றியவருக்கு மைற்றோமைசினோடு கூடிய சத்திரசிகிச்சையின் இடத்தை அது பிடித்துவிடும் என்று எண்ணுவதற்கில்லை.

நோய் தொடங்கும் நிலையினரை எங்கே தேடுவது? முழு நாட்டையும் சோதிக்க வைத்தியர் இல்லை. ஆனால் நோயாளியின் வீட்டிலே தேடலாம். ஒல்லாந்தின் ரொட்டர்டாம் நகரில் நடந்து 1998 இல் வெளியான ஆய்வு, குளோக்கோமா உற்றவரின் உடன்பிறந்தோருக்கும் மக்களுக்கும் வாழ்நாளில் அந்நோய் வரும் வாய்ப்பு மற்றவரிலும் ஏறத்தாழ ஒன்பது மடங்கு எனக் கணித்தது. ஆகையால், சத்திரசிகிச்சை முடிந்து கட்டவிழ்க்கும் நாளில், தம்பி தங்கையரையும் வளர்ந்த பிள்ளைகளையும் அடுத்த முறை அழைத்துவருமாறு நோயாளியிடம் சொல்லும் வழக்கம் கண் வைத்தியர்களிடையே உண்டு. துளி மருந்தோ லேசரோ போதுமான காலத்திலேயே அவர்களைக் கண்டுபிடித்துவிட்டால், பஞ்சும் ஊதா மருந்தும் வேண்டியதில்லை. அண்ணன் ஊருக்குப் போய் அதனைச் சொல்கின்றார். தம்பி மரத்தின் உச்சியிலிருக்கும் காயைச் சுட்டிக்காட்டி, இவ்வளவு தெளிவாகத் தெரிகின்றதே, நான் எதற்கு வரவேண்டும் என்று கேட்கின்றார்.